பவுன் விலை ஏறினால் வீட்டுச் சேமிப்பும் ஏறுமா? தங்கமும் புதிய தொழில்நுட்ப முதலீடும்: ஒரு விளக்கம்

உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கத்தின் விலை 2025 அக்டோபரில் முதன்முறையாக 4,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. அதன் பிறகு நம்மவர்களின் வீடுகளில் இரண்டு கேள்விகள் அடிக்கடி எழுகின்றன. "இருக்கிற காசுக்கெல்லாம் தங்கம் வாங்கிப் போடலாமா?" என்பது பெரியவர்களின் கேள்வி. "தங்கம் எதற்கு? செயற்கை நுண்ணறிவு, பிட்காயின் என்று போட்டால் என்ன?" என்பது பிள்ளைகளின் கேள்வி.

இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே கவலைதான். சம்பளம் ஒரு படி ஏறினால் மளிகைச் சாமான் இரண்டு படி ஏறுகிறது. உழைத்துச் சேர்த்த பணம் கைக்குள்ளேயே கரைகிறது. அதை எதில் வைத்தால் கரையாது?

தங்கம் உதவும். தொழில்நுட்பப் பங்குகளும் ஓரளவு உதவலாம். ஆனால் எந்தத் தங்கம், எப்படி வாங்கியது, அது பெட்டியில் இருக்கிறதா அடகுக் கடையில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே பலன் கிடைக்கும்.

*பணம் கரைவது எப்படி?*

விலைவாசி ஆண்டுக்கு 3 விழுக்காடு உயர்வதாக வைத்துக்கொள்வோம். இன்று 100 ரிங்கிட்டுக்கு வாங்கும் பொருளுக்கு ஏறக்குறைய 24 ஆண்டுகளில் 200 ரிங்கிட் கொடுக்க வேண்டும். அலமாரியில் பூட்டி வைத்த 100 ரிங்கிட் நோட்டு அப்போதும் 100 ரிங்கிட்தான். அதன் வாங்கும் சக்தி மட்டும் பாதியாகியிருக்கும். இதுவே பணவீக்கம்.

மலேசியாவில் பணவீக்கம் 2022ஆம் ஆண்டில் 3.3 விழுக்காடாகவும், 2023இல் 2.5 விழுக்காடாகவும், 2024இல் 1.8 விழுக்காடாகவும் பதிவானது. எண்ணெய் நெருக்கடியை ஒட்டிய 1974ஆம் ஆண்டில் அது 17 விழுக்காட்டைத் தாண்டியது. இவை எல்லாப் பொருள்களையும் சேவைகளையும் சேர்த்த சராசரிக் கணக்கு. வருமானத்தில் பெரும்பகுதியைச் சாப்பாட்டுக்கே செலவிடும் குடும்பத்துக்கு, உணவு விலை ஏறும் ஆண்டுகளில் உண்மையான சுமை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

காகிதப் பணம் முற்றிலும் செத்துப்போனதையும் இந்த மண் பார்த்திருக்கிறது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் மலாயாவில் புழங்கிய 'வாழைமரக் காசு' கணக்கு வழக்கில்லாமல் அச்சடிக்கப்பட்டது. அரிசியின் விலை எங்கோ போனது. 1945இல் பிரிட்டிஷார் திரும்பியதும் அந்த நோட்டுகள் செல்லாதவை ஆயின. மூட்டையாகச் சேர்த்து வைத்தவர்களுக்கு மிஞ்சியது காகிதம். காதிலும் கழுத்திலும் பொட்டுத் தங்கம் வைத்திருந்தவர்களுக்கு மாற்றிக்கொள்ள ஏதோ ஒன்று இருந்தது. வங்கியே எட்டாத தொலைவில் இருந்த தோட்டப்புறத்தில், பால்மரம் வெட்டிச் சம்பாதித்த காசைத் தோடாகவும் சங்கிலியாகவும் மாற்றி வைத்த தலைமுறையின் கணக்கு தவறானது அல்ல.

*ரிங்கிட் விலையை ஆட்டுவிக்கும் இரண்டு கைகள்*

தங்கம் உலகச் சந்தையில் அமெரிக்க டாலரில் விலை பேசப்படுகிறது. நம் நாட்டு நகைக்கடையில் அது ரிங்கிட்டில் விற்கிறது. ஆகவே இங்கே விலை ஏறவும் இறங்கவும் இரண்டு காரணங்கள் உண்டு: ஒன்று உலக விலை, மற்றொன்று ரிங்கிட்டின் மதிப்பு.

ஓர் அவுன்ஸ் என்பது சுமார் 31.1 கிராம். உலக விலை 2,000 டாலராகவும் ஒரு டாலர் 4.20 ரிங்கிட்டாகவும் இருந்தால், சுத்தத் தங்கம் கிராமுக்கு ஏறக்குறைய 270 ரிங்கிட் வரும். உலக விலை அப்படியே இருக்க, டாலர் 4.70 ரிங்கிட்டானால் கிராம் விலை 302 ரிங்கிட்டாகிவிடும். ரிங்கிட் இளைக்கும்போது இறக்குமதிப் பொருள்களின் விலை ஏறும். தங்கமும் கூடவே ஏறி அந்த அடியைத் தாங்கும். தங்கத்தைப் பாதுகாப்பு என்று சொல்வதற்கு இது முக்கியமான காரணம். மறுபுறம், ரிங்கிட் வலுப்பெறும்போது உலக விலை ஏறினாலும் அந்த ஏற்றம் முழுமையாக நம் கைக்கு வராது.

சம்பளத்தோடு ஒப்பிட்டால் நிலைமை இன்னும் தெளிவாகும். 2013 ஜனவரியில் தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் 900 ரிங்கிட் என்று அமலுக்கு வந்தது. அன்றைய உலக விலையையும் டாலர் மதிப்பையும் வைத்துக் கணக்கிட்டால், 8 கிராம் எடையுள்ள ஒரு பவுன் 916 தங்கத்தின் மதிப்பு சுமார் 1,200 ரிங்கிட். அதாவது ஒன்றேகால் மாதச் சம்பளத்துக்குச் சற்று மேல். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அந்த ஆண்டு அக்டோபரில் அதே பவுன் ஏறக்குறைய 4,000 ரிங்கிட். செய்கூலி சேர்க்காமலேயே இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டிவிட்டது.

முன்பே வாங்கி வைத்தவருக்கு இது நல்ல செய்தி. இனிமேல்தான் வாங்க வேண்டும் என்பவர், விலை ஏறிய பிறகு வாங்குகிறோம் என்பதை மனத்தில் வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

*தங்கம் கைவிட்ட ஆண்டுகளும் உண்டு*

"தங்கம் விலை இறங்கவே இறங்காது" என்று சொல்லக் கேட்கிறோம். பதிவுகள் வேறு கதை சொல்கின்றன.

1980 ஜனவரியில் தங்கம் அவுன்ஸுக்கு 850 டாலரைத் தொட்டது. 1999இல் அது 250 டாலர் அளவுக்கு இறங்கியிருந்தது. ஏறக்குறைய 20 ஆண்டுகள் பொருள்களின் விலை ஏறிக்கொண்டே போக, தங்கம் மட்டும் இறங்கியது. அடுத்து, 2011 செப்டம்பரில் 1,900 டாலரை எட்டிய தங்கம் 2015 இறுதியில் 1,060 டாலர் அளவுக்குச் சரிந்தது. அந்த இடைவெளியில் ரிங்கிட்டும் பலவீனமடைந்ததால் இங்கே அடி சற்றுக் குறைந்தது. ஆனாலும் உச்ச விலையில் வாங்கியவர், நான்கு ஆண்டுகள் கழித்து ரிங்கிட் கணக்கிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்திருப்பார்.

இன்னும் வியப்பானது 2022ஆம் ஆண்டு. அந்த ஜூனில் அமெரிக்காவின் பணவீக்கம் 9.1 விழுக்காட்டைத் தொட்டது. 40 ஆண்டுகளில் இல்லாத உச்சம். தங்கம் பறந்திருக்க வேண்டும் அல்லவா? ஆண்டுத் தொடக்கத்தில் 1,800 டாலர் அளவில் இருந்த தங்கம், ஆண்டு முடிவிலும் ஏறக்குறைய அங்கேயேதான் நின்றது.

காரணம் வட்டி. தங்கம் குட்டி போடாது. வட்டியோ இலாப ஈவோ தராது. விலைவாசியை அடக்க மத்திய வங்கிகள் வட்டியை உயர்த்தும்போது, பெரிய முதலீட்டாளர்கள் தங்கத்தை விட்டு வட்டி தரும் முதலீடுகளுக்குப் போகிறார்கள். பணத்தின் மீதே மக்களுக்கு நம்பிக்கை குறையும்போதும், போர், நெருக்கடி என்று அச்சம் பரவும்போதும், மத்திய வங்கிகளே தங்கத்தை வாங்கிக் குவிக்கும்போதும் விலை ஏறுகிறது. ஆகவே தங்கம் நீண்ட காலத்துக்கான காப்பு. அடுத்த ஆண்டு மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அதை நம்பியிருப்பது ஆபத்து.

*நகை வேறு, தங்கச் சேமிப்பு வேறு*

நம் வீடுகளில் 'தங்கம் வாங்கினோம்' என்றால் பெரும்பாலும் நகை என்றே பொருள். இங்கேதான் கணக்கு சறுக்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. 916 தங்கம் கிராம் 500 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பவுன் சங்கிலி, அதாவது 16 கிராம், 8,000 ரிங்கிட். செய்கூலி 12 விழுக்காடு என்றால் 960 ரிங்கிட். கொடுத்த பணம் மொத்தம் 8,960 ரிங்கிட். மறுநாளே விற்கப் போனால் செய்கூலி திரும்பாது. அதற்கு மேல் கடைக்காரர் 8 விழுக்காடு கழித்தால் கையில் கிடைப்பது 7,360 ரிங்கிட். போட்ட பணத்தைத் திரும்ப எடுக்கவே தங்கம் விலை ஏறக்குறைய 22 விழுக்காடு ஏற வேண்டும்.

கழிவும் கூலியும் கடைக்குக் கடை, வேலைப்பாட்டுக்கு வேலைப்பாடு மாறும். வாங்கும்போதே "திருப்பி விற்றால் எவ்வளவு கழிப்பீர்கள்?" என்று கேட்பதும், எடை, தரம், கூலி தனித்தனியாக எழுதிய இரசீதைப் பத்திரப்படுத்துவதும் நல்லது. கல் பதித்த நகையில் கல்லின் எடைக்குத் தங்க விலை கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாலியும், பிள்ளைக்குப் போடும் தோடும் முதலீட்டுக் கணக்கில் வருபவை அல்ல; அவற்றின் மதிப்பே வேறு. ஆனால் சேமிப்புக்காகவே வாங்குவது என்றால் வேறு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, தங்க நாணயமும் கட்டியும். பேங்க் நெகாரா 2001ஆம் ஆண்டு முதல் 'கிஜாங் எமாஸ்' என்னும் 999.9 தரத் தங்க நாணயத்தை வெளியிடுகிறது. ஓர் அவுன்ஸ், அரை அவுன்ஸ், கால் அவுன்ஸ் என்று மூன்று அளவுகளில் உண்டு. விற்கும் விலையையும் திரும்ப வாங்கும் விலையையும் பேங்க் நெகாரா தன் அகப்பக்கத்தில் வெளியிடுவதால், இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை யாரும் பார்த்துக்கொள்ளலாம். நாணயம் எவ்வளவு சிறியதோ, கிராமுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை அவ்வளவு அதிகமாக இருக்கும்.

இரண்டாவது, வங்கிகளின் தங்க முதலீட்டுக் கணக்கு. கிராம் கணக்கில் சிறுகச் சிறுக வாங்கலாம்; திருட்டுப் பயம் இல்லை. ஆனால் இது சாதாரணச் சேமிப்புக் கணக்கு அல்ல. ஒரு வங்கியில் ஒருவர் வைத்திருக்கும் வைப்புத்தொகைக்கு 250,000 ரிங்கிட் வரை பிஐடிஎம் பாதுகாப்பு அளிக்கிறது. தங்க முதலீட்டுக் கணக்குக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

மூன்றாவது, புர்சா மலேசியாவில் பட்டியலிடப்பட்ட தங்க நிதி. பங்கு போலவே வாங்கி விற்கலாம். பங்குக் கணக்கு திறக்க வேண்டும். தரகுக் கட்டணமும் நிர்வாகக் கட்டணமும் உண்டு.

*அடகுக் கடையில் கரையும் தங்கம்*

அவசரத்துக்கு நகையைத் தூக்கிக்கொண்டு போனால் சில நிமிடங்களில் பணம் கிடைக்கும். சம்பளச் சீட்டு வேண்டாம், சிபாரிசு வேண்டாம். வட்டி முதலையிடம் போவதைவிட உரிமம் பெற்ற அடகுக் கடை எவ்வளவோ மேல். ஆனால் ஆண்டுக்கணக்கில் நகையைத் திருப்பாமல் வட்டி மட்டும் கட்டி வருவது, தங்கத்தின் பலனை அப்படியே விழுங்கிவிடும்.

1972ஆம் ஆண்டு அடகுக் கடைக்காரர்கள் சட்டத்தின்படி மாதத்துக்கு 2 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். கேட்கச் சிறியதாகத் தெரியும் இந்த வட்டி, ஆண்டுக்கு 24 விழுக்காடு. 4,000 ரிங்கிட் மதிப்புள்ள நகைக்கு 2,800 ரிங்கிட் கடன் வாங்கினால் மாத வட்டி 56 ரிங்கிட், ஆண்டுக்கு 672 ரிங்கிட். நகையின் மதிப்போடு ஒப்பிட்டால் இது ஏறக்குறைய 17 விழுக்காடு. தங்கம் ஆண்டுதோறும் அவ்வளவு ஏறினால்தான் வட்டிக்குச் சரியாகும். நான்கு ஆண்டுகள் இப்படியே போனால், கட்டிய வட்டி வாங்கிய கடன் தொகையை ஏறக்குறைய எட்டிவிடும். அசல் அப்படியே நிற்கும்.

இதற்கு ஒரு மாற்று, வங்கிகளும் கூட்டுறவு அமைப்புகளும் நடத்தும் அர்-ரஹ்னு இஸ்லாமிய அடகுச் சேவை. இங்கே வட்டிக்குப் பதிலாக நகையைப் பாதுகாக்கும் கட்டணம் வாங்குகிறார்கள். பொதுவாக அது அடகுக் கடை வட்டியைவிடக் குறைவு. முஸ்லிம் அல்லாதவர்களும் இதைப் பயன்படுத்தலாம். எங்கே வைத்தாலும் அடகுச் சீட்டில் உள்ள கெடு தேதியைக் குறித்து வைக்க வேண்டும். நகை ஏலத்துக்குப் போனால், கடனும் வட்டியும் செலவும் போக மிச்சப் பணம் இருக்கிறதா என்று கேட்டுப் பெறும் உரிமை அடகு வைத்தவருக்கு உண்டு.

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் புதுத் தங்கம் வாங்க ஓடுவதற்கு முன், அடகில் உள்ள பழைய தங்கத்தை மீட்பதே முதல் முதலீடு. ஆண்டுக்கு 24 விழுக்காடு வட்டியை நிறுத்துவதைப் போன்ற உறுதியான இலாபத்தை எந்தச் சந்தையும் தராது.

*புதிய தொழில்நுட்பம் கைகொடுக்குமா?*

1970களில் பினாங்கு பாயான் லெப்பாசில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தது முதல், தோட்டத்துப் பிள்ளைகள் பலர் சில்லு தயாரிப்பில் வேலை செய்து குடும்பத்தை முன்னேற்றியிருக்கிறார்கள். அந்தத் தொழிலில் உழைக்கலாம் என்றால் முதலீடும் செய்யலாமே என்ற எண்ணம் நியாயமானது. தேவை மிகுந்த பொருளைத் தயாரிக்கும் நிறுவனம், செலவு ஏறும்போது தன் விலையையும் ஏற்றிக்கொள்ள முடியும். அந்த வகையில் நல்ல நிறுவனத்தின் பங்கு, நீண்ட காலத்தில் விலைவாசியை மிஞ்சக்கூடும்.

ஆனால் தொழில்நுட்பம் வெல்வது வேறு, அதன் பங்கை வாங்கியவர் வெல்வது வேறு. இணையம் உலகையே மாற்றியது உண்மை. இருந்தும் 2000 மார்ச்சில் உச்சம் தொட்ட அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடு, 2002 அக்டோபருக்குள் 78 விழுக்காடு விழுந்தது. 100 ரிங்கிட் 22 ரிங்கிட் ஆனது போல. பழைய உச்சத்துக்குத் திரும்ப அதற்கு 2015 வரை ஆனது.

விலைவாசி உச்சத்தில் இருந்த 2022ஆம் ஆண்டிலும் அதே குறியீடு 33 விழுக்காடு சரிந்தது. இத்தகைய நிறுவனங்களின் விலை, பல ஆண்டுகள் கழித்து வரப்போகும் இலாபத்தை நம்பி ஏறுகிறது. வட்டி உயர்ந்தால் அந்த எதிர்கால இலாபத்தின் இன்றைய மதிப்பு குறைந்துவிடும். 'மின்னிலக்கத் தங்கம்' என்று அழைக்கப்படும் பிட்காயினும் 2021 நவம்பரில் 69,000 டாலர் அளவில் இருந்து, ஓராண்டில் 16,000 டாலருக்கும் கீழே வந்தது. பின்னர் அது மீண்டு புதிய உச்சங்களைத் தொட்டது. ஆனால் இடையில் பணம் தேவைப்பட்டு விற்றவருக்கு அந்த மீட்சியால் பயன் இல்லை.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஈபிஎஃப் எனப்படும் ஊழியர் சேமநிதி வாரியம் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பங்குகளில் முதலீடு செய்கிறது. ஆகவே ஈபிஎஃப் சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் அந்த வளர்ச்சியில் ஏற்கனவே ஒரு சிறு பங்கு இருக்கிறது. ஈபிஎஃப் வழக்கமான சேமிப்புக்கான ஈவு 2013 முதல் 2024 வரை எந்த ஆண்டிலும் 5.20 விழுக்காட்டுக்குக் கீழே போகவில்லை. 2013 தொடக்கத்தில் அங்கே இருந்த 1,200 ரிங்கிட், எடுக்காமல் விட்டிருந்தால் 2024 முடிவில் 2,400 ரிங்கிட்டைத் தாண்டியிருக்கும். தங்கம் அளவுக்கு ஏறவில்லைதான். ஆனால் ஓர் ஆண்டு கூட இறங்காமல் இரட்டிப்பானது.

*ஆசை காட்டும் அழைப்புகள்*

தங்கமும் தொழில்நுட்பமும் செய்தியில் அடிபடும் காலமே மோசடிக்காரர்களுக்கு அறுவடைக் காலம். தங்கத்தை விற்றுவிட்டு, மாதந்தோறும் இலாபம் தருகிறோம், பிறகு அதே விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லும் திட்டங்கள் பழையவை. 2012 அக்டோபரில் அத்தகைய தங்க வணிகத்தில் ஈடுபட்ட ஒரு பெரிய நிறுவனத்தின் மீது பேங்க் நெகாரா உள்ளிட்ட அமைப்புகள் சோதனை நடத்தின. பல்லாயிரக்கணக்கானோர் தங்கள் பணத்துக்காகத் தவித்தார்கள்.

இப்போது அதே ஆசை 'செயற்கை நுண்ணறிவு தானாகவே வாங்கி விற்கும்', 'தினமும் 3 விழுக்காடு' என்று புலனக் குழுக்களில் வருகிறது. தங்கம் குட்டி போடாது என்பதை நினைத்துக்கொண்டால் போதும்; தங்கத்துக்கு மாத இலாபம் தருவதாகச் சொன்னால், அந்தப் பணம் அடுத்து சேரப்போகிறவரின் பையிலிருந்துதான் வர வேண்டும்.

அனுப்புபவர் மாமாவாக இருந்தாலும், கோயில் கமிட்டி நண்பராக இருந்தாலும் சரிபார்ப்பது அவமரியாதை ஆகாது. பேங்க் நெகாராவும் பங்குப் பத்திர ஆணையமும் எச்சரிக்கைப் பட்டியல்களைத் தங்கள் அகப்பக்கத்தில் வெளியிடுகின்றன. மின்னிலக்க நாணயம் வாங்க விரும்புபவர் பங்குப் பத்திர ஆணையத்தில் பதிவு பெற்ற தளங்களில் மட்டுமே வாங்க வேண்டும். கூட்டுப் பணம் பிடிப்பதைத் தொழிலாக நடத்துவதும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். அந்தச் சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' என்ற நம் சொல் இருக்கிறது. இணையத்தில் பணம் பறிபோனால் தாமதிக்காமல் 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தை அழைக்கலாம். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு கூடும்.

*குடும்பம் எங்கிருந்து தொடங்கலாம்?*

மாதம் 100 ரிங்கிட் மட்டுமே மிச்சப்படுத்தக்கூடிய குடும்பத்துக்கும் ஒரு வரிசை உண்டு.

முதலில், இரண்டு மூன்று மாதச் செலவுக்கான பணம் வங்கியில் இருக்கட்டும். பணவீக்கம் அதைக் கொஞ்சம் அரிக்கும், பரவாயில்லை. மருத்துவச் செலவு வந்தால் நகையைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் காப்பாற்றுவது அந்தப் பணம்தான்.

இரண்டாவதாக, அடகில் உள்ள நகையை மீட்க வேண்டும். கடன் அட்டை பாக்கியை அடைக்க வேண்டும். கடன் கழுத்தை நெரித்தால், பேங்க் நெகாரா அமைத்த ஏகேபிகே நிறுவனம் இலவச ஆலோசனை வழங்குகிறது.

மூன்றாவதாக, ஓய்வுக்காலச் சேமிப்பு. சொந்தத் தொழில் செய்வோரும் ஈபிஎஃப் பிடித்தம் இல்லாத வேலையில் இருப்போரும் 'ஐ-சாராஆன்' திட்டத்தில் சேரலாம். 2025 முதல், போடும் தொகையில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை, அரசாங்கம் ஊக்கத்தொகையாகச் சேர்க்கிறது. ஆண்டில் 2,500 ரிங்கிட் போட்டால் 500 ரிங்கிட் கூடுதல். ஆயுள் வரம்பு 5,000 ரிங்கிட். 55 வயதுக்கு உட்பட்டவர்கள் போடும் பணத்தில் 10 விழுக்காடு, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்கில் சேரும்.

இவற்றுக்குப் பிறகு மிஞ்சும் பணத்தில் தங்கம் வாங்கலாம். மொத்தமாக ஒரே நாளில் வாங்காமல், நாணயமாகவோ கிராம் கணக்கிலோ சிறிது சிறிதாக வாங்கினால் உச்ச விலையில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து குறையும். ஐந்து, பத்து ஆண்டுகள் தொடாமல் வைக்க முடிந்தால் மட்டுமே அதைச் சேமிப்பு என்று கணக்கில் எழுதலாம். தொழில்நுட்பப் பங்குகளில் போடுவது, பாதியாகக் குறைந்தாலும் வீட்டுச் செலவு பாதிக்காத தொகையாக இருக்க வேண்டும்.

இதை வீட்டில் எல்லோரும் சேர்ந்து பேசுவது நல்லது. பாட்டியின் பெட்டியில் எத்தனை பவுன் இருக்கிறது, எது அடகில் இருக்கிறது, சீட்டின் கெடு எப்போது, பிள்ளையின் திறன்பேசியில் எந்தச் செயலியில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று ஒரே தாளில் எழுதிப் பார்க்கலாம். அடுத்து வாங்க வேண்டியது தங்கமா, பங்கா, அல்லது முதலில் அடகை மீட்பதா என்பதை அந்தத் தாளே காட்டிவிடும்.